சிவப்புக் காளானுக்கு அடி என்ன நிறம்

பசறைப் பக்கத்தில் என்னிடம் கேட்காமல் காளான் சமைத்தவர்கள் உண்டு. அவர்களில் சிலரை நானே என் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனால் உள்ளதைத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பாடம் நடத்தியது காடு. கொழுந்து காய வைக்கிற தேயிலை ஸ்டோர் அடுப்புக்கு விறகு வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. இன்றைக்கு நமுனுகுல மலையைப் பார்த்தபடி மாடி வீடு, வாசலில் இரண்டு லொறி, கூரை மேல் தண்ணீர்த் தாங்கி. தாங்கியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதை இனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் இங்கேயும் எழுதவில்லை.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. என் கடைசி மகள் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் என் வாயால் கலைந்தன என்று வீட்டில் ஒரு பேச்சு. முதலாவது, பதுளையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பனார். அவர் புது வீட்டின் படத்தைக் காட்டினார். அத்திவாரம் சரியில்லை, மழைக்கு வெடிக்கும் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த மழையிலேயே சுவர் வெடித்ததாகக் கேள்விப்பட்டேன். நான் சொன்னது நடந்ததே என்று யாராவது பாராட்டினார்களா? இல்லை. இரண்டாவதாக வந்தவர்களிடம் தாங்கியைப் பற்றித்தான் சொன்னேன். கொஞ்சம் விரிவாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்றாவதாக வந்தது மகளே தேடிக்கொண்ட சம்பந்தம். மாப்பிள்ளை பண்டாரவளையில் மின்சாதனங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பாலர் பள்ளியின் ஒலிபெருக்கியைத் திருத்த வந்திருக்கிறார். அந்த ஒலிபெருக்கி பிறகு அடிக்கடி பழுதாகியிருக்கிறது. தகப்பன் இல்லாதவர், எல்லாம் தாயின் சொல்தான். அந்த அம்மா வீட்டையும் மனுசரையும் பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம்.

வருவதற்கு முதல் நாள் மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இதுவும் கலைஞ்சா இனி நான் யாரு முன்னாலயும் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். எனக்கு இவருதான் வேணும்."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். 'வாங்க', 'சாப்பிடுங்க', 'ஆமாங்க'. இந்த மூணுக்கு மேல நாலாவது வார்த்தை வரக்கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் மனைவி சாட்சி.

மறுநாள் அவர்கள் வேனில் எல்ல ஊர் வழியாக வந்தார்கள். பசறைக் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. இரவு பெய்த மழையில் வளைவில் ஒரு மரம் விழுந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. வேனை அங்கேயே நிறுத்திவிட்டு, பைன் காட்டுக் குறுக்குப் பாதையால் தாயும் மகனும் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

"வாங்க" என்றேன். முதல் வார்த்தை நன்றாகவே போனது.

மாப்பிள்ளையின் தாயார் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். ஒல்லியான உடம்பு, உறுதியான நடை. வெற்றிலை, வாழைப்பழம், பிஸ்கட் பெட்டி எல்லாம் தட்டில் வைத்த பிறகு, இன்னொரு சொப்பிங் பையைத் தூக்கிக் காட்டினார்.

"முதலாளி வீட்டுக்கு அடுப்புல ஏத்துற சாமான் ஒண்ணும் இல்லாம வந்துட்டமேன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. வர்ற வழியில சாமி குடுத்துருச்சு."

பைக்குள் எட்டிப் பார்த்தேன். செக்கச் செவேலென்று காளான்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை கொண்டு வருவதில் ஏதாவது ஒன்றை அன்றைக்கே பெண் வீட்டு அடுப்பில் ஏற்றி, இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். கொண்டு வந்ததை ஓரமாக வைத்தால் சம்பந்தத்தையும் ஓரமாக வைத்துவிட்டோம் என்று அர்த்தம். பழமும் பிஸ்கட்டும் அடுப்பில் ஏறாது. ஏறக்கூடியது அந்தக் காளான் மட்டும்தான்.

"அடடா, காளானா!" என்று என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு காளான்னா உசுர விடுவாரு."

உயிரை விடுகிற நாள் அதுதான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

உண்மையில் அந்தச் சிவப்புக் காளானால் உயிர் போவதில்லை. ஆனால் போய்விட்டால் நல்லது என்று தோன்றும். விறகு வெட்டிய காலத்தில் எங்கள் கூட்டம் அதை ஒரு நாள் வறுத்துத் தின்றது. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிக்கொண்டு நின்றோம். கங்காணி வந்து, "என்னங்கடா, மரத்த வெட்டச் சொன்னா கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். பதில் சொல்ல ஒருவன் வாயைத் திறந்தான். கங்காணி அன்றைக்குச் சலவை வேட்டி கட்டியிருந்தார், பாவம்.

மனைவி குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சத்தியம் செய்திருக்கிறேனே, வாயைத் திறக்காமல் ஒரு காளானைத் தூக்கிக் காட்டி, வயிற்றைத் தடவி, நாக்கை வெளியே தள்ளிக் காட்டினேன்.

"பசிக்குதா? பொறுங்க, இப்பத்தான கழுவுறேன்."

தலையை ஆட்டி, கழுத்தைப் பிடித்து, கண்ணை மேலே செருகினேன்.

"ஓ, விசமோன்னு பயமா? மஞ்சளப் போட்டு அவிக்கிறேன். விசம் இருந்தா தண்ணி கறுத்துப் போகும். இங்க பாருங்க, நத்தை வேற கடிச்சிருக்கு. நத்தை தின்னா மனுசன் தின்னலாம்."

இந்த இரண்டையும் நம்பித்தான் ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் நிறைகிறது. மஞ்சளும் கறுக்காது, பூண்டும் கறுக்காது, வெள்ளிக் கொலுசைப் போட்டாலும் கறுக்காது. நத்தையின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. இதையெல்லாம் சைகையில் எப்படிச் சொல்வது? நான் நத்தை மாதிரி நடித்துக்கொண்டிருந்தபோது, தேநீர்த் தட்டை எடுக்க மகள் உள்ளே வந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ.

"அப்பாவுக்கு என்ன பண்ணுது?"

"அவருக்கு ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள் தாய்.

மகள் போகவில்லை. என் கையிலிருந்த காளானைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே ஆகாதாப்பா?"

தலையை ஆட்டினேன்.

"நிச்சயமா?"

மறுபடியும் ஆட்டினேன்.

தேநீர்த் தட்டை எடுத்தாள், மறுபடியும் கீழே வைத்தாள். அவள் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது. ஒரு பக்கம் அவள் கல்யாணம், மறுபக்கம் எல்லாருடைய வயிறும்.

"சரி, போய்ச் சொல்லுங்க. ஆனா காளானப் பத்தி மட்டும். தண்ணித் தாங்கி வேணாம்."

நான் முன்னறைக்குப் போனேன்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் காளான் ஆகாது. வாந்தி வரும்."

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதலாளி, நான் பால் குடி மறந்ததுலருந்து இந்தக் காளானத் திங்கிறேன். எங்க அம்மா தின்னாங்க, அம்மாவோட அம்மா தின்னாங்க. எல்லாரும் தொண்ணூறு தாண்டித்தான் போனாங்க."

"அது வேற காளானா இருக்கும்மா. இதுக்குத் தண்டு வெள்ளை, மடிப்பும் வெள்ளை."

"எங்க காளானுக்கு ரெண்டும் மஞ்சள். இது ராத்திரி மழையில வெளுத்துப் போயிருக்கு."

"மழையில வெளுக்கும்தான். ஆனா மேல இருக்கிற செவப்புத்தான் கரைஞ்சு ரோஸ் நெறமாகும். குடைக்குக் கீழ மழை எப்படிம்மா படும்?"

"மண்ணுக்குள்ள இருக்கிற அடியப் பார்த்தாத்தான் தெரியும். வேரோட புடுங்கினா அடுத்த வருசம் முளைக்காதுன்னு நான் மேலோட கிள்ளிட்டு வந்தேன். அடி மஞ்சளாத்தான் இருக்கும்."

மாப்பிள்ளை நடுவில் புகுந்து, "இருங்கம்மா, போன்ல பார்ப்போம்" என்று ஒரு காளானைப் படம் பிடித்தார். போன் கொஞ்ச நேரம் யோசித்து மூன்று பதில் சொன்னது. அதில் ஒன்று தக்காளி. அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். கெட்டிக்காரர்.

கதவு ஓரத்தில் மகள் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அம்மா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எழுந்து குடையை எடுத்தார்.

"வாங்க முதலாளி. அடியப் பார்த்துட்டு வந்துருவோம். மஞ்சளா இருந்தா நீங்க மொதக் கவளம் தின்னணும்."

"வெள்ளையா இருந்தா?"

"இருக்காது."

காட்டுக்கு ஏறினோம். பைன் ஊசி நனைந்து வழுக்கியது, அட்டை வேறு காலில் ஏறியது. அந்த அம்மா எனக்கு முன்னால் போனார்.

"எங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிறதுல என் கிலோக் கணக்க எவளும் தாண்டினதில்ல."

"நான் வெட்டின மரம் சொன்ன எடத்துலதான் விழும். பக்கத்துல கோழி மேஞ்சாலும் ஒரு எறகு உதிராது."

"பேசுறதுல மூச்சு வாங்குது உங்களுக்கு. மெதுவா வாங்க."

எனக்கு மூச்சு வாங்கவில்லை. அட்டையைத் தட்டிவிட நின்றேன்.

மரத்தடியில் புதிதாக முளைத்து மழை அடிக்காத ஒன்றைத் தேடிப் பிடித்தேன். படித்தவர்கள் எப்படிச் சொல்வார்களோ தெரியாது, நான் பார்க்கிற விதம் இது. பேனாக் கத்தியால் சுற்றிலும் மண்ணை விலக்கி, அடியோடு எடுத்தேன். அடியில் உறை இருக்கிறதா? முட்டை ஓடு மாதிரி, கிண்ணம் மாதிரி, எதுவும் இல்லை. தண்டின் நடுவில் மோதிரம் மாதிரி வளையம் இருக்கிறதா? இல்லை. தண்டு நேராக, பளீரென்று வெள்ளை. அதை ஒடித்தேன். கீரைத் தண்டு மாதிரி நார் இழுக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சோக்கு மாதிரி டக்கென்று ஒடிந்தது. கீழ் மடிப்புகளை விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. குடையின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சிவப்புத் தோலை இழுத்தேன், வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே வெளிர் ரோஸ்.

அந்த அம்மா தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மஞ்சள் மாதிரித்தான் தெரியுது."

"கண்ணாடியப் போடுங்கம்மா. இங்க பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் இல்ல."

"நீங்க யாராம்?"

ஆனாலும் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நாக்குல வச்சுப் பார்த்தா?" என்றார்.

அதுவும் உண்டு. ஆனால் உறை, வளையம், ஒடிவது, உதிர்வது எல்லாம் பார்த்து இன்ன இனம்தான் என்று உறுதியான பிறகுதான் அது. பார்க்காமல் நாக்கில் வைக்கிறவன் மடையன். அடியில் உறையும் நடுவில் வளையமும் உள்ள வெள்ளைத் தண்டுக்காரர்களில் ஆளையே முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கடுகளவு கிள்ளி நுனி நாக்கில் வைத்துக் காட்டிவிட்டுத் துப்பினேன். அந்த அம்மாவும் வைத்தார். முதலில் ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கும். பிறகுதான் பச்சைக் கொச்சிக்காயைக் கடித்த மாதிரி எரிச்சல் ஏறும்.

"த்தூ!" என்று அந்த அம்மா துப்பிய வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. வழியோரத்து ஓடைத் தண்ணீரில் இரண்டு பேரும் வாய் கொப்பளித்தோம்.

நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா ஒரு மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மலையில அடி மஞ்சள்தான்."

"இருந்திருக்கும்மா."

"போய்க் காட்டலாம்னா காடு எங்க இருக்கு? நாங்க மீரியபெத்தத் தோட்டம். மண்சரிவு அன்னைக்கு மேட்டுக் காடு, லயத்து வீடு, கோயில் எல்லாம் ஒண்ணாத்தான மண்ணோட எறங்குச்சு. இப்ப இருக்கிறது அரசாங்கம் குடுத்த வீட்டுல. அங்க நல்ல சுவரு இருக்கு, மரம் இல்ல. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் மரத்தடியில செவப்பப் பார்த்தேன். மகன் காரியத்துக்கு எங்க ஊர்ச் சாமான் ஒண்ணாச்சும் சேருதேன்னு நெனச்சேன்."

பக்கத்து வேரில் நானும் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கும்மா அந்தக் காளான்?" என்று கேட்டேன்.

சொன்னார். முதலில் மண்ணுக்கு மேல் வெள்ளை முட்டை மாதிரி எட்டிப் பார்க்குமாம். முட்டை கிழிந்து உள்ளேயிருந்து சிவப்புக் குடை வருமாம். குடையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக, கீழ் மடிப்பு மஞ்சள், தண்டு அடிவரைக்கும் மஞ்சள், தண்டில் ஒரு மஞ்சள் பாவாடை, அடியைச் சுற்றிக் கிழிந்த வெள்ளைப் பை. வதக்கினால் வீடே மணக்குமாம். சொல்லச் சொல்லக் கையாலேயே அதை முளைக்க வைத்துக் காட்டினார்.

நான் அதைப் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் அதிகம் புழங்குவதில்லை. சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது.

"தெரியலன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் நான் பொய் சொல்றேன்னாங்க" என்றார். பிறகு திடுக்கென்று எழுந்தார். "ஐயோ, இப்ப எதை அடுப்புல ஏத்துறது? நானே சம்பந்தத்த ஓரமா வச்ச மாதிரி ஆயிருமே! அந்தப் புள்ள மூஞ்சியப் பார்த்தீங்களா, செத்துப் போயி நின்னுச்சு."

"நான் வந்து பேசிக்கிறேன்."

"நீங்க பேசினது போதும். நான் பேசுறேன்."

இறங்கும்போதும் அவர்தான் முன்னால்.

வீட்டில் மூன்று பேரும் வாசலிலேயே நின்றார்கள். எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. மகள் மட்டும் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவையே பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றி, நேராக என் மனைவியின் குசினிக்குள் நுழைந்தார். முதல் நாளே பெண் வீட்டுக் குசினிக்குள் மாப்பிள்ளையின் தாய் நுழைவதை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"அண்ணி, அந்தக் காளான் ஆகாது. அண்ணே தோண்டிக் காட்டுனாரு. என் கண்ணுலதான் கோளாறு. நான் கொண்டு வந்ததுல அடுப்படிக்கு ஒதவுறது இனி இந்தக் கை ரெண்டும்தான். கோதுமை மா எங்க இருக்கு? தேங்காய் ஒண்ணு ஒடைங்க."

என் மனைவி கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். அவள் நின்றது மாவுக்காக அல்ல. 'முதலாளி' போய் 'அண்ணே' வந்துவிட்டதை அவளும் கேட்டாள். எங்கள் சனத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவனைக் கூப்பிடுகிற முறை அது. வாயில் வந்துவிட்டால் பிறகு திரும்பப் போகாது.

மகளும் கேட்டாள். ஓடிப்போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தவள், தேங்காயை உடைக்காமலே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வந்து உடைத்துக் கொடுத்தார்.

கோழிப் பிரியாணி, கட்லட், வட்டிலப்பம் என்று நாங்கள் செய்து வைத்ததெல்லாம் மூடியே கிடக்க, அந்த அம்மா மாவோடு தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் போட்டுப் பிசைந்து, கல்லில் ரொட்டி தட்டினார். தோட்டத்து லயத்துக் காம்பரா அடுப்பிலிருந்து விடியற்காலையில் வருமே, அந்த வாசம். நடுவில் ஒரு தடவை குரல் வந்தது.

"அண்ணே, அந்தக் காளான ஆழமாப் பொதைங்க. கோழி கிளறிரும்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். இந்தப் பக்கத்தில் யாரும் அவ்வளவு ஒழுங்கான குழி தோண்டியிருக்க மாட்டார்கள்.

பிறகு இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். கல்லிலிருந்து இறங்கிய ரொட்டிதான் முதலில் இலைக்கு வந்தது, பிரியாணி அதற்குப் பின்னால்தான். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொன்னார். தைக்குள் பதுளையில் மண்டபம் கிடைக்குமா என்று என் மனைவி இழுத்தாள்.

"மண்டபம் எதுக்கு? இவ்வளவு பெரிய வீடு இருக்கே" என்றார் அந்த அம்மா.

வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தானாகவே கவனித்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு ரொட்டி வைக்கச் சொன்னேன்.